சோலைக்காடும் சதுப்பு மண்ணும்: கேள்வி பதில்

கேள்வி: நீலகிரிச் சதுப்புகளைத் தோண்டிப் பழைய காட்டை எப்படி அறிகிறீர்கள்?

பதில்: நீர் தேங்கிய பள்ளங்களில் காற்றுப் புகாததால், இலையும் வேரும் முழுதாக மக்காமல் படிந்து, கறுத்த பீட் மண்ணாகின்றன. அதில் விழும் மகரந்தத்தூளின் மேலுறை ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. அமிலத்துக்கும் எளிதில் அசையாது. மண்ணைக் காரத்தில் காய்ச்சி, மணலை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் கரைத்து, ஒன்பது பங்கு அசெட்டிக் அன்ஹைட்ரைடும் ஒரு பங்கு கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் சூடாக்கினால், தூள்கள் பழுப்பேறி மிஞ்சும். நுண்ணோக்கியில், சோலை எனப்படும் மலையுச்சிப் பசுமைக்காட்டில் வளரும் நாவல் இனத்தின் தூள் சிறு முக்கோணமாகவும், புல்லின் தூள் ஒற்றைத் துளையுள்ள உருண்டையாகவும் தெரியும்.

கேள்வி: ஓர் அடுக்கில் 60 சதவீதம் புல் தூள் என்றால், மலையில் 60 சதவீதம் புல்வெளியா?

பதில்: இல்லை. புல் தன் தூளைக் காற்றில் அள்ளி வீசுகிறது. சோலை மரங்களில் பெரும்பாலானவை பூச்சிகளை நம்பியிருப்பதால் சிக்கனமானவை. தவிர, சதவீதக் கணக்கில் ஒன்று ஏறினால், உண்மையில் குறையாத மற்றொன்றும் இறங்கியதாகத் தோன்றும்.

கேள்வி: புல்வெளிகளெல்லாம் நீலகிரியில் எருமை மேய்க்கும் தோடர்கள் காட்டை எரித்து உண்டாக்கியவைதானே?

பதில்: இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மரங்களின் கரிம ஐசோடோப்பு அளவு, அதாவது கனமான கரிமம்-13 ஒரு பொதுத் தரத்தைவிட எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கிறது என்பது, ஆயிரத்துக்குச் சுமார் −27. வெப்பமண்டலப் புற்களில் பல, கரியமில வாயுவை வேறொரு முறையில் பிடிக்கும் சி-4 வகையைச் சேர்ந்தவை; அவ்வகைக்குச் சுமார் −12. மட்கிய பின்னும் இந்த வேறுபாடு பீட்டில் தங்குகிறது. ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரி பீட்டை அளந்து 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சம் பெற்ற வறண்ட காலத்தில், அங்கே சி-4 புற்கள் மிகுந்திருந்தன. காற்றில் கரியமில வாயு குறைந்திருந்ததும் அப்புற்களுக்குச் சாதகமாயிற்று. மேய்ச்சல் சமூகங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இருந்த புல்லுக்கு அவர்களைப் பொறுப்பாக்க முடியாது.

கேள்வி: அப்படியானால் யாரும் தீ வைக்கவே இல்லை என்கிறீர்களா?

பதில்: அப்படி நான் எழுதவில்லை. புல்வெளி எப்போது தோன்றியது என்பது ஒரு கேள்வி. சோலையின் விளிம்பு இன்று ஏன் இந்த இடத்தில் நிற்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவதில் தீக்கும் உறைபனிக்கும் மேய்ச்சலுக்கும் பங்குண்டு. இன்னொன்றையும் உங்கள் தரப்புக்காக நானே சொல்லிவிடுகிறேன்: குளிர்ந்த உயரத்தில், மரங்களின் முறையிலேயே கரியமில வாயுவைப் பிடிக்கும் சி-3 வகைப் புற்களும் வளர்வதால், −27ஐ நெருங்கும் அளவு கிடைத்தவுடன் அதைச் சோலை என்று எழுதிவிடக் கூடாது. மகரந்தத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது மரமா, புல்லா என்று தெரியும்.

கேள்வி: 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் சுழற்சி பீட்டில் தெரியுமா?

பதில்: தெரியாது. ஒரு சென்டிமீட்டர் பீட்டிலேயே பல பத்தாண்டுகள் அடங்கிவிடும்.

கேள்வி: மகரந்த ஒவ்வாமைக்கு என்ன மருந்து?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: மேலடுக்கில் முக்கோணத் தூள் 40 சதவீதம் என்றால், சோலை 40 சதவீதம் மீண்டுவிட்டது எனலாமா?

பதில்: மறுபடியும் சதவீதம்! இரண்டாம் பதிலைப் படியுங்கள். அதற்கும் முன், அந்த முக்கோணம் நாவல்தானா என்று பாருங்கள். 1840களில் நீலகிரிக்கு வந்த தைலமரமும் நாவலின் குடும்பம்தான். அதன் தூளும் முக்கோணம்தான்.