மகள் நீர்வளம் படிக்கலாமா? முதலில் மேட்டூர் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்

சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் நீர்வளத்தில் எம்.இ. படிக்க ஆசைப்படுகிறார், ஐ.டி.க்கே அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆற்றுப்படுகைத் திட்டமிடலில் வேலை உண்டு, ஆனால் இடங்கள் குறைவு. அதனால் கட்டணம் கட்டும் முன்பே இந்த வேலை அவருக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. எக்செல் போதும்.

அணை சிமுலேஷனின், அதாவது அணையின் நீர் வரவு செலவைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதன், அடிப்படை ஒரே வரிதான்: முன்னிருப்போடு வரத்தைக் கூட்டி, பாசனத் திறப்பையும் ஆவியாதலையும் உபரியையும் கழித்தால் பின்னிருப்பு. மேட்டூரை எடுத்துக்கொள்ளட்டும். முழுமட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் திறந்தால் ஒரு டி.எம்.சி. போய்விடும். தொடக்கநிலைப் பிழைகளில் பாதி இந்த அலகு மாற்றத்தில்தான் நடக்கின்றன. பத்து நாளுக்கு ஒரு வரிசை என்றால் ஆண்டுக்கு 36, முப்பது ஆண்டுக்கு 1,080 வரிசை.

சராசரி வரத்தை வைத்துக் கணக்குப் போடவே கூடாது. கர்நாடகம் தமிழகத்துக்குத் தரும் காவிரி நீரை அளக்கும் எல்லை இடமான பிலிகுண்டுலுவில் சாதாரண ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்றது 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதையே எல்லா ஆண்டுக்கும் போட்டால் அணை வற்றவே வற்றாது. அடுத்தடுத்து இரண்டு வறட்சி ஆண்டுகள் வரும்போதுதான் திட்டம் உடையும், ஆகவே ஆண்டுகளின் வரிசை மாறாமல் இருக்க வேண்டும். பழைய பதிவேட்டையும் அப்படியே நம்ப முடியாது. மேட்டூர் 1934-இல் முடிந்தது. மேலே கர்நாடகத்தில் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் 1970-களிலும் 80-களிலும்தான் வந்தன. அதற்கு முந்தைய வரத்து இன்றைய ஆற்றின் வரத்து அல்ல. ஆவியாதலை ஒரே எண்ணாக வைப்பதும் தவறு. மட்டம் இறங்க இறங்க நீர்ப்பரப்பு சுருங்கும், அதற்கேற்ப அதுவும் குறையும். வண்டல் படிந்திருப்பதால் மட்டத்துக்கு எவ்வளவு நீர் என்ற அட்டவணையும் புதியதாக இருக்க வேண்டும்.

கணக்கு ஓடியதும் கேள்வி இது: டெல்டா பாசனத்துக்கு வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28 வரை தர முடிந்தது எத்தனை ஆண்டு? முடியாத ஆண்டுகளில் பற்றாக்குறை பத்தில் ஒரு பங்கா, பாதியா? பத்தில் ஒரு பங்கை, முறை வைத்து மாற்றி மாற்றித் தண்ணீர் விடும் முறைப்பாசனம் வைத்துச் சமாளிக்கலாம். பாதி என்றால் சம்பா கருகும். மட்டம் 90 அடிக்குக் கீழே இருந்தால் குறுவைக்குத் திறக்காமல் சம்பாவுக்குச் சேமிப்பது என்று விதியை மாற்றி, மறுபடி ஓட்டிப் பார்க்கட்டும். இந்த இடத்தில் அவருக்குப் பசி மறந்தால் தயங்காமல் அனுப்புங்கள். எண்களைத் திரட்டும்போதே சலிப்புத் தட்டினால் வற்புறுத்தாதீர்கள், வேலையில் பெரும்பகுதி அதுதான்.

அடுத்து, அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு இலவசமாகத் தரும் அணை சிமுலேஷன் மென்பொருளான ஹெக்-ரெஸ்சிம், கூடவே பைத்தான். பைத்தான் கைவசம் இருந்தால் ஐ.டி. வாசலும் மூடாது, உங்கள் கவலைக்கும் அதுவே பதில். மேற்படிப்புக்கு அண்ணா பல்கலையின் நீர்வள மையம், சென்னை ஐ.ஐ.டி., ரூர்க்கி ஐ.ஐ.டி. நல்ல இடங்கள். மத்திய நீர் ஆணையத்துக்கு யு.பி.எஸ்.சி. பொறியியல் பணித் தேர்வு; மாநில நீர்வளத் துறைக்கு டி.என்.பி.எஸ்.சி. மாநிலப் பணியில் முதல் சில ஆண்டுகள் கரையும் மதகுமாகக் களத்தில்தான் போகும். ஆலோசனை நிறுவனங்களில் மாடலிங் உடனே கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் ஒப்பந்த வேலை.

எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். மேட்டூர் கணக்கை இந்தக் கோடை விடுமுறையிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.