இலக்கிய ஐயங்கள்: ரைமும் எதுகையும் ஒன்றா?

கேள்வி: ஆங்கிலக் கவிதையில் வரும் 'ரைம்' என்பதை எதுகை என்றே எழுதி வந்தேன். ஆசிரியர் அதைத் தவறென்று கோடிட்டு அடித்துவிட்டார். ஏன்?
– இளங்கலை முதலாண்டு மாணவி, திருநெல்வேலி

பதில்: அடித்தது சரிதான். எதுகை அடியின் தொடக்கத்தில் நிற்கும். ரைம் பெரும்பாலும் அடியின் முடிவில் வரும். 'கற்க கசடற' எனத் தொடங்கும் குறளின் இரண்டாம் அடி 'நிற்க' என்று தொடங்குகிறது. இரண்டிலும் இரண்டாம் எழுத்து 'ற்'. அது எதுகை. ரைமுக்கு நெருங்கியது, அடிகளின் இறுதி ஒத்து வரும் நம் இயைபு.

ரைம் அமைய, சொல்லில் கடைசியாக அழுத்தம் விழும் உயிரொலியும் அதற்குப் பின் வரும் ஒலிகளும் ஒத்திருக்க வேண்டும்; அந்த உயிருக்கு முன்னுள்ள மெய் மட்டும் மாற வேண்டும். நைட், லைட் அப்படிப்பட்ட இணை. இதில் கண்ணை நம்பாதீர்கள். 'லவ்', 'மூவ்' இரண்டும் ஓ, வி, ஈ என்றே முடிகின்றன; ஒலியோ வேறு. இதற்கு 'ஐ ரைம்', அதாவது கண்ணுக்கு மட்டும் ரைம், என்று பெயர். 'ப்ளூ', 'ஷூ', 'த்ரூ' மூன்றையும் எழுதிப் பாருங்கள், முடிவெழுத்துகள் ஒன்றுபோல் இருக்காது. ஆனால் முழுமையான ரைம். வாய்விட்டுப் படித்தபின் குறியுங்கள்.

ரைம் ஸ்கீம், அதாவது அடிகளின் முடிவொலி வரிசை, குறிக்கும்போது முதலடியின் முடிவொலிக்கு 'ஏ'. புதிய ஒலி வந்தால் மட்டுமே அடுத்த எழுத்து. பழைய ஒலி திரும்பினால் பழைய எழுத்து. பத்தி மாறியதும் மறுபடி 'ஏ' என்று தொடங்குவதில்தான் பலர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். ஷேக்ஸ்பியர் பாணி சானெட்டின் 14 அடிகளுக்கு ஏபிஏபி, சிடிசிடி, இஎஃப்இஎஃப், ஜிஜி என 7 ஒலிகள்.

சொற்களின் முதலொலி ஒத்து வரும் அலிட்டரேஷனும் இப்படித்தான்; எழுத்தல்ல, ஒலியே கணக்கு. 'கேட்', 'சிட்டி' இரண்டும் 'சி' என்ற எழுத்தில் தொடங்கினாலும் அங்கே அலிட்டரேஷன் இல்லை. நம் மோனையில் சகரத்துக்குத் தகரம் இனமாக வரலாம். அந்தச் சலுகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: 'லைக்', 'ஆஸ்' வந்தாலே சிமிலி என்று எழுதலாமா?
– பிளஸ் டூ மாணவர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. 'அவள் தன் தாயின் உயரம் இருக்கிறாள்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போதும் 'ஆஸ்' வரும். அது வெறும் அளவு ஒப்பீடு. வேறு வேறு இனப் பொருள்களை ஒரு பண்பால் இணைத்தால்தான் சிமிலி. குரலைத் தேனோடு ஒப்பிட்டால் சிமிலி. குரலே தேன் என்றால் மெட்டஃபர். நம் உவமை, உருவகம் இரண்டும் இங்கே அப்படியே பொருந்தும்.

விடையில் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அணியின் பெயர், அது வரும் சொற்கள், எதை எதோடு எந்தப் பண்பால் ஒப்பிட்டார், அதனால் அடிக்கு என்ன கூடியது: நான்கும் வேண்டும்.

கேள்வி: மெட்டானமி, சினெக்டகி குழப்புகின்றன.
– வாசகர், மதுரை

பதில்: ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வரும் ஆகுபெயர் தெரிந்தவருக்கு இது எளிது. 'தலைக்கு நூறு ரூபாய்' என்பதில் உறுப்பு ஆளைக் குறிக்கிறது: சினையாகுபெயர். 'முல்லை சூடினாள்' என்பதில் முழுக் கொடி பூவைக் குறிக்கிறது: பொருளாகுபெயர். பகுதி முழுமையையோ முழுமை பகுதியையோ குறிப்பதால் இவ்விரண்டும் சினெக்டகி. தொழிலாளரை 'ஹேண்ட்ஸ்' என்பதும் அதுவே. அரசரை 'கிரவுன்' என்றால் மெட்டானமி. மணிமுடி அரசரோடு தொடர்புடைய பொருளே தவிர அவர் உடலின் பகுதி அல்ல.