கேளுங்கள், சொல்கிறோம்: ஒரே திடல், இரண்டு ஆட்டம்

"கரீஸ் பவுன்டன், கரீஸ் பவுன்டன்" என்று தாத்தா வாய் ஓயாமல் சொல்வார். அந்த டர்பன் திடலில் பவுன்டன் எங்கே இருந்தது? கிரிக்கெட்டும் ஆடினார்களா?
வாசகி, சாட்ஸ்வர்த்

பவுன்டன் என்றதும் பீய்ச்சியடிக்கும் நீரூற்றைத் தேடாதீர்கள், அது கிணறு. டர்பன் மேயராக இருந்த கரி என்பவர், ஊருக்குத் தண்ணீர் கொடுக்க 1870களின் பிற்பகுதியில் தாவரவியல் பூங்காவை ஒட்டித் தோண்டியது. கிணற்றின் பெயர் திடலுக்கு ஒட்டிக்கொண்டது.

கிரிக்கெட், கால்பந்து இரண்டுமே ஆடினார்கள். நிறவெறிக் காலத்தில் நல்ல திடல்கள் வெள்ளையர் கையில். மற்றவர்களுக்குக் கிடைத்த சொற்ப இடங்களில் பெரியது இது. 1960களில் நிறம் பார்க்காத சாக்கர் லீக் ஆட்டங்களுக்கு இங்கேதான் கூட்டம் அலைமோதியது. நகராட்சித் திடல்களை மறுத்தே அந்த லீக்கை முடக்கினார்கள். 25-9-1974 அன்று மொசாம்பிக்கில் ஃப்ரெலிமோ விடுதலை இயக்கம் பெற்ற வெற்றியைக் கொண்டாடத் தடையை மீறிக் கூடியதும் இங்கேதான். போலீஸ் நாய்களோடு வந்தது.

ஏப்ரலில் கால்பந்து, அக்டோபரில் கிரிக்கெட் என்று ஒரே திடலை வைத்து ஓட்டுகிறோம். கிரிக்கெட் தொடங்கினால் பந்து ஒன்று முகத்துக்கு வருகிறது, அடுத்தது கணுக்காலில் உருள்கிறது. குழிகளில் மண் நிரப்பி ரோலர் ஓட்டியும் பயனில்லை.
கிளப் செயலாளர், டொங்காட்

என்ன மண் நிரப்பினீர்கள் என்று எழுதவில்லை. ஆற்று மணல் என்றால் கோளாறு அதுதான்.

திடல் நடுவே பந்து வீசும் பட்டையான பிட்சுக்கு நம் ஊரில் போடுவது 'புல்லி' என்கிற களிமண். காயும்போது அது சுருங்கி இறுகும், மணல் சுருங்காது. பூட்ஸ் குமிழ் போட்ட குழியில் மணல் போனால் அந்த இடம் மட்டும் பொதபொதவென்று நிற்கும். பரவலாகத் தூவினாலோ களிமண்ணுக்கு நடுவே ஒரு ஏடு உண்டாகி, மேல்பகுதி தனியாகப் பெயரும். 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழாயை அடித்து மண்ணை உருவிப் பாருங்கள். கையால் வளைத்ததும் அப்பளம் போல் குறுக்கே பட்டென்று உடைந்தால், உடைந்த இடத்தில்தான் அந்த ஏடு இருக்கிறது.

வேலையை அக்டோபரில் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். கடைசி கிரிக்கெட் ஆட்டம் முடிந்த வாரமே காய்ந்த புல்லை வாரி எடுத்து, 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்கு தோட்ட முள்கரண்டியால் குத்துங்கள். அதே புல்லியை உலர்த்திப் பொடித்துச் சலித்து, 3 முதல் 5 மி.மீ. மட்டும் பரப்பித் துடைப்பத்தால் துளைக்குள் தள்ளுங்கள். கூடப் போட்டால் புல் மூச்சுத் திணறும். ஓரத்திலிருந்து கிக்கூயூ புல்லின் கொடி உள்ளே நுழையும். மாதம் ஒருமுறை மண்வெட்டியால் வெட்டிவிடுங்கள்.

ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பு 8 செ.மீ. இறங்கும்படி நனையுங்கள். கட்டைவிரல் அழுந்த வேண்டும், மண் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் கால் டன் ரோலரில் ஆரம்பித்து, நாளுக்கு நாள் எடையைக் கூட்டி ஒரு டன்னுக்குப் போங்கள். ஈரம் மிஞ்சினால் மண் ரோலரோடு பெயர்ந்து வரும். காய்ந்தபின் எவ்வளவு உருட்டினாலும் டீசல்தான் செலவு.

கால்பந்துக் களத்தைத் தள்ளிப் போட முடியாதா என்பீர்கள். 105 × 68 மீட்டர் களத்தின் பாதி மூலைவிட்டம் 62.5 மீட்டர். நடுவில் போட்டால் 65 மீட்டர் பவுண்டரிக்குள் அடங்கிவிடும், ஆனால் பிட்ச் மிதிபடும். அடுத்தடுத்து ஐந்து பிட்சுகள் இருந்து, அவற்றின் பக்கவாட்டில் 3 மீட்டர் விட்டுத் தள்ளினால் களத்தின் மூலை திடலின் மையத்திலிருந்து 95 மீட்டருக்குப் போய்விடும். ஊர்த் திடலில் அங்கே வேலியோ பெஞ்சோ இருக்கும். ஆகவே நடுவட்டம் பிட்சின்மேல் விழட்டும், கோல் வாய் மட்டும் வேண்டாம். மிக அதிகம் குதறப்படுவது அதுதான். மழை பெய்த மறுநாள் ஆட்டத்தைத் தள்ளிவையுங்கள். ஒரே ஒரு ஈர ஆட்டம் ஆறு மாத வேலையை அழித்துவிடும்.

1939-ல் டர்பன் கிங்ஸ்மீட் திடலில் தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்ட் பத்து நாள் நீண்டதாமே, பிட்ச் ஏன் உடையவில்லை?
வாசகர், வெருலம்

மேலே சொன்ன அதே களிமண் வித்தைதான். இடையிடையே மழை பெய்தது. ஈரம் பதமானதும் ரோலர் ஓட, விரிசல் மூடிப் பிட்ச் மறுபடி புதிதானது. 696 தேவைப்பட்ட இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தபோது, கப்பலைப் பிடிக்க வேண்டி ஆட்டத்தை அப்படியே விட்டுப் போனார்கள்.

பிட்சின்மேல் மேட்டிங் (தென்னைநார்ப் பாய்) விரித்தால் சுருங்கிச் சுருங்கி எழும்புகிறது.
வாசகர், ஸ்டாங்கர்

நீளவாக்கில் முதலில் இழுத்து இரு முனையிலும் ஆணி அடியுங்கள், பக்கங்களை அப்புறம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆணித் தலை பாய்க்குமேல் நீட்டக்கூடாது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் தென்னைநார் அடுத்த சீசனுக்குள் இற்றுப்போகும்.