நள்ளிரவிலும் வெயில் அடிக்கும் ஊரில் துருவ ஒளியைத் தேடலாமா?

கேள்வி: நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்குச் செல்ல விசாவே தேவையில்லை என்று படித்தேன். வரும் ஜூன் மாதம், 70 வயதான அப்பாவையும் அழைத்துக்கொண்டு, குடும்பமாக லாங்யியர்பியன் நகரில் மூன்று நாள் தங்கி, துருவ ஒளி, பனிக்கரடி, உலக விதைப் பெட்டகம், நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் ஆகிய நான்கையும் பார்த்துவிட எண்ணியிருக்கிறோம். எப்படித் திட்டமிடலாம்?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் குறிப்பிட்ட நான்கில் ஒன்று ஜூன் மாதத்தில் கண்ணுக்கே தெரியாது, ஒன்றைத் தேடிப் போவது சட்டப்படி குற்றம், ஒன்றின் கதவு பார்வையாளர்களுக்குத் திறக்காது, மற்றொன்று நீங்கள் தங்கப்போகும் ஊரிலேயே இல்லை. பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. பட்டியலை மட்டும் கிழித்துப் போடுங்கள்.

முதலில் விசா. நீங்கள் படித்தது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் கிளம்பினால் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வீர்கள். 1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம், அந்தத் தீவுக்கூட்டத்தின் ஆட்சியுரிமையை நார்வேக்கு அளித்தபோதே, அதில் சேர்ந்த நாடுகளின் குடிமக்கள் அங்கே தொழில் செய்யச் சம உரிமையும் வழங்கியது (அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரிலும் அதில் கையெழுத்து உண்டு). இன்று எந்த நாட்டவரானாலும் ஸ்வால்பார்டு அவரிடம் விசா கேட்பதில்லை. ஆனால் நீங்கள் ஏறப்போகும் விமானம் ஆஸ்லோவிலிருந்தோ ட்ரொம்ஸோவிலிருந்தோதான் புறப்படும். நார்வே, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் இருக்கிறது, ஸ்வால்பார்டு அதற்கு வெளியே இருக்கிறது. ஆகவே ஆஸ்லோவில் இறங்குவது முதல் நுழைவு என்றால், தீவிலிருந்து திரும்பி ஆஸ்லோவில் கால் வைப்பது இரண்டாவது நுழைவு. ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் இரட்டை நுழைவு அல்லது பலமுறை நுழைவு என்று கேட்டுப் பெறாதவருக்கு அந்த இரண்டாவது நுழைவு கிடையாது.

இனி துருவ ஒளி. லாங்யியர்பியன் 78 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே ஏறக்குறைய ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் 22 வரை சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கும் வெயில் அடிக்கும் வானத்தில் துருவ ஒளியை எதிர்பார்ப்பது, நண்பகலில் நட்சத்திரம் எண்ண உட்காருவது போன்றது. அதற்காகவே செல்வதென்றால் நவம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி இறுதி வரையுள்ள முழு இருட்டுக் காலத்தில் செல்லுங்கள். அப்போது பகல் உணவு வேளையில்கூட வானில் ஒளி தெரிய வாய்ப்புண்டு. ஆனால் துருவ ஒளி மட்டுமே போதும் என்பவருக்கு நான் லாங்யியர்பியனைச் சொல்ல மாட்டேன். ஒளி வழக்கமாகத் தோன்றும் வளையத்துக்கு அடியிலேயே ட்ரொம்ஸோ இருக்கிறது. லாங்யியர்பியனோ அந்த வளையத்தையும் தாண்டி வடக்கே போய்விடுகிறது. செலவும் ட்ரொம்ஸோவில் குறையும்.

பனிக்கரடி விஷயத்தில் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. ஊர் முடியும் இடத்தில் கறுப்புப் பலகையில் வெள்ளைக் கரடி வரைந்த எச்சரிக்கை முக்கோணம் ஒன்று நிற்கிறது. 'ஸ்வால்பார்டு முழுவதற்கும் பொருந்தும்' என்று அதன் கீழே எழுதியிருக்கிறது. எல்லோரும் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், பொருளை உணர்பவர் குறைவு. அதைத் தாண்டிச் செல்பவர் கரடியை விரட்டத் தக்க கருவி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். துப்பாக்கியும் வேண்டும் என்பது ஆளுநர் அலுவலகத்தின் பரிந்துரை. 2020 ஆகஸ்டில் விமான நிலையத்தை ஒட்டிய முகாமிடத்தில், கூடாரத்தில் உறங்கிய ஒருவரைக் கரடி கொன்றது. 1973 முதல் கரடி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதைத் தேடிச் செல்வதும் பின்தொடர்வதும் தடை செய்யப்பட்டவை. 2025 முதல் குறைந்தது 300 மீட்டர் விலகி நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் இறுதி வரை, அதாவது நீங்கள் செல்லும் மாதத்திலும், அது 500 மீட்டர். கரடியைக் காட்டுவதாக எவரேனும் உறுதி சொன்னால் அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

உலகப் பயிர்களின் விதைகளைச் சேமித்து வைக்கும் அந்தப் பெட்டகத்தின் கான்கிரீட் முகப்பை வெளியிலிருந்து பார்க்கலாம். அது விமான நிலையத்துக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிறது. மலைக்குள் நூறு மீட்டருக்கும் மேல் உள்ளே, கழித்தல் 18 பாகை குளிரில், ஹைதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் பயிராய்வு நிறுவனம் அனுப்பிய சோளம், கம்பு, கொண்டைக்கடலை விதைகளும் இருக்கின்றன.

2008 ஜூலை 1 அன்று தொடங்கிய ஹிமாத்ரி, வடமேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, நியூ ஆலசுண்ட் என்ற ஆய்வுக் குடியிருப்பில் இருக்கிறது. ஊர்களுக்கிடையே அங்கே சாலை இல்லை. கோடையில் கப்பலில் செல்பவர்கள் சில மணி நேரம் இறங்கி, குறித்த பாதையில் மட்டும் நடந்து, ஹிமாத்ரியை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வரலாம். உள்ளே ஆய்வாளர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். கைப்பேசியின் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிட வேண்டும், அங்குள்ள கருவிகள் வானிலிருந்து வரும் மிக நுண்ணிய ரேடியோ அலைகளைப் பதிவு செய்பவை. அருகிலுள்ள கொங்ஸ்ஃபியோர்டன் கடற்கழியில் 2014-இல் இந்தியா இறக்கிய, இண்டார்க் என்ற கடலடி ஆய்வுக் கருவித் தொகுதியில் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை அங்கே நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஜூன் மாதத்தில் என்னதான் இருக்கிறது என்பீர்கள். படகில் பனியாற்றின் முகம் வரை செல்லலாம், பாறை முகடுகளில் கூடுகட்டும் கடற்பறவைகளைப் பார்க்கலாம், 1906-இல் ஓர் அமெரிக்கர் நிலக்கரிக்காகத் தொடங்கிய இந்த லாங்யியர்பியனின் மரத்தூண்களும் சுரங்க வாய்களும் மலைமேல் அப்படியே நிற்பதைக் காணலாம். சாலையோரத்தில் கூடு வைத்திருக்கும் ஆர்க்டிக் ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் தலையைக் கொத்த வரும். ஒரு கோலைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி நடந்தால், அவை உயரமான கோலின் நுனியைத்தான் தாக்கும். மூன்று நாள் போதாது: மூடுபனியால் படகுப் பயணம் தள்ளிப்போவது வழக்கம், ஐந்து நாளாவது வையுங்கள்.

அப்பாவைப் பற்றி ஒரு சொல். அங்குள்ள மருத்துவமனை சிறியது, பெரிய சிகிச்சைக்கு ட்ரொம்ஸோவுக்குத்தான் விமானத்தில் கொண்டுசெல்வார்கள். எனவே மீட்புப் பணிச் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுங்கள். மாத்திரைகளைக் கைப்பையிலேயே வையுங்கள். இருட்டாத அறையில் அவருக்கு உறக்கம் பிடிக்காது, கண்மறைப்புத் துணி வேண்டும். நல்ல கம்பளிக் காலுறைகளும் வாங்கிக் கொடுங்கள். சுரங்கத் தொழிலாளர்கள் கரித்தூளை வீட்டுக்குள் கொண்டுவராமலிருக்கப் பழகிய வழக்கப்படி, விடுதியிலும் அருங்காட்சியகத்திலும் இன்றும் செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் அவருக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்காது.