புது ரோல் போட்டதும் மக்கர் செய்யும் லேபிள் பிரிண்டர்

கேள்வி (ஏற்காடு): காப்பித்தூள், மிளகு பாக்கெட்டுக்கு லேபிள் அடிக்கும் பிரிண்டர் வாங்கி 5 மாதம். புது ரோல் போட்டதிலிருந்து ஒன்று அச்சாகிறது, இரண்டு வெறுமனே ஓடுகிறது. சென்சார் போய்விட்டது, மாற்ற 3,500 ரூபாய் என்கிறார் சர்வீஸ்காரர். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "புது ரோல் போட்டதிலிருந்து" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

சென்சாரில் ஒரு பக்கம் ஒளி கிளம்பும், மறுபக்கம் அதை வாங்கும் கண் இருக்கும். ஸ்டிக்கர்களைத் தாங்கும் அடித்தாள் மட்டும் இருக்கும் இடைவெளியில் ஒளி அதிகம் ஊடுருவும். ஸ்டிக்கரும் சேர்ந்த இடத்தில் குறையும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஒரு லேபிள் எங்கே முடிகிறது என்று மெஷின் கண்டுபிடிக்கிறது. அடித்தாளின் நிறமோ தடிமனோ மாறினால் பழைய கணக்கு தப்பிவிடும். புது ரோலை மெஷினுக்குப் பழக்குவதுதான் காலிபிரேஷன். பல மாடல்களில் பவரை அணைத்து, ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்து, விளக்கு சிமிட்டியதும் விட்டால் போதும். சில லேபிள்களை இழுத்துத் தானே அளந்துகொள்ளும். எந்தச் சிமிட்டலில் விடுவது என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

அதற்கு முன், சென்சாரில் படிந்த தாள் தூசியையும் பசையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் லேபிள் வகை ‘கேப்’ (இடைவெளி உள்ளது) என்று இருக்க வேண்டும். ‘கன்டினியூஸ்’ (இடைவெளி இல்லாத ஒரே நீளத் தாள்) என்று மாறிக்கிடந்தாலும் தொல்லைதான். அப்புறம், இது இரட்டை வரிசை ரோலா? அப்படியானால் நடுவில் உள்ள சென்சார் இரண்டு வரிசைக்கும் இடையிலுள்ள இடைவெளியையே பார்த்துக்கொண்டிருக்கும். நகர்த்தக்கூடிய சென்சார் என்றால் ஒரு வரிசையின் நடுவுக்குத் தள்ளிவிட்டு அளக்க விடுங்கள்.

எனக்கு இதில் இன்னும் ஆறாத கோபம். வீட்டில் ஊறுகாய் போட்டு விற்றபோது இதே கோளாறுக்கு 2,800 ரூபாய் அழுதேன். அடுத்த ரோல் மாற்றியதும் அதே கோளாறு திரும்பி வந்தது. ஒரு பட்டனை அழுத்தக் கற்றுக்கொடுப்பது விற்பவரின் கடமை, அதற்குத் தனிக் காசு வாங்குவது அநியாயம். மெஷின் வாங்கப் போகிறவர்கள் உங்கள் ரோலைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் 20 லேபிள் ஒழுங்காக அடித்துக் காட்டிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): கொலுசுப் பெட்டியில் ஒட்டிய லேபிள் மூன்றே மாதத்தில் வெளுத்துவிட்டது. மை மட்டமா?

பதில்: அதில் மையே இல்லை. லேபிளை நகத்தால் வேகமாகக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது சூட்டில் கறுக்கும் டைரக்ட் தெர்மல் தாள். வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும். மாதக்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் மை பூசிய ரிப்பன் போட்டு அடிக்கும் மெஷின்தான்.

கேள்வி (அம்மாப்பேட்டை): ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று பில் இல்லாமல் பிரிண்டர் வாங்கினேன். இப்போது கடைக்காரர் விற்கவே இல்லை என்கிறார்.

பதில்: தெரிந்தே செய்திருக்கிறீர்கள். போனில் பணம் அனுப்பிய பதிவு இருந்தால் தேடி எடுங்கள்.

கேள்வி (ஆத்தூர்): கணவர் இறந்த பிறகு ஜவ்வரிசி வடகம் போட்டு விற்கிறேன். புதுசு என்று பில் போட்டுத் தந்த பிரிண்டர், தன்னைத் தானே சோதித்து அடித்துத் தரும் சுயசோதனைத் தாளில் ஏற்கெனவே 6 கிலோமீட்டர் அச்சிட்டதாகக் காட்டுகிறது. "வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் கோர்ட்டில் செல்லாது" என்று மிரட்டுகிறார்கள்.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கிய பொருளுக்கு நீங்கள் நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கடை வெளியூரில் இருந்தாலும் உங்கள் மாவட்டத்திலேயே போடலாம். அந்தச் சோதனைத் தாளும் வெளுக்கிற தாளாக இருக்கலாம், இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். பில்லோடு சேர்த்து எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கடைக்கு அனுப்ப வேண்டிய நோட்டீஸை நான் எழுதித் தருகிறேன்.