புள்ளி வைத்த கோப்புகள்: கேட்டதும் சொன்னதும்

எனக்குக் கொழிஞ்சாம்பாறையில் வீடு, கோயம்புத்தூரில் சர்வர் பார்க்கிற வேலை. வீட்டில் லினக்ஸ் லேப்டாப், ஆபீஸில் ஆப்பிள் மேக், அதற்கு மேல் பத்துப் பதினைந்து சர்வர். எல்லாவற்றிலும் டெர்மினல் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று பல வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்த நடத்தையை எழுதி வைக்கும் இடம்தான் புள்ளி வைத்த கோப்புகள், அதாவது பெயர் புள்ளியில் தொடங்கும் டாட்ஃபைல்ஸ். அது தெரிந்து நம் பக்கத்து ஆட்கள் கேட்டவையும் நான் சொன்னவையும் இங்கே.

அக்கா, பாஷ்ஆர்சி கோப்பில் எழுதிய ஏலியாஸ் எல்லாம் லினக்ஸில் ஓடுகிறது, மேக்கில் ஒன்றுமே ஓடவில்லை. ஏன்? (வேலந்தாவளம், கல்லூரி மாணவர்)

நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டுவது ஷெல்; பாஷ் ஒரு ஷெல், பாஷ்ஆர்சி அதன் அமைப்புக் கோப்பு, ஏலியாஸ் என்பது கட்டளைக்கு நாம் வைக்கும் சுருக்கப் பெயர். உங்கள் மேக்கில் ஓடுவது பாஷ் இல்லை தம்பி. 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் பதிப்பிலிருந்து புதுப் பயனருக்கு இசட்ஷெல் (zsh) என்ற வேறு ஷெல்தான் கிடைக்கும். அது பாஷ்ஆர்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு இசட்ஷெல்ஆர்சி (.zshrc) என்று தனிக் கோப்பு. சரி, பாஷுக்கே மாறிவிடலாம் என்றால் அங்கே வேறு சிக்கல். மேக் டெர்மினல் ஒவ்வொரு ஜன்னலையும் லாகின் ஷெல்லாக, அதாவது புதிதாக லாகின் செய்தது போலத் திறக்கும். லாகின் ஷெல்லில் பாஷ் படிப்பது பாஷ்-புரொஃபைலை. பாஷ்ஆர்சியை நாம்தான் அதற்குள்ளிருந்து அழைக்க வேண்டும்.

நான் செய்திருப்பது இது: ஏலியாஸ், பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்), விருப்ப எடிட்டர் மூன்றையும் ‘பொது’ என்று ஒரு கோப்பில் வைத்து, இரண்டு ஷெல்லின் ஆர்சி கோப்பிலிருந்தும் ஒரே வரியில் சோர்ஸ் செய்கிறேன், அதாவது உள்ளே இழுத்துப் படிக்க வைக்கிறேன். பிராம்ப்ட்டை (கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் தெரிவது) அதில் சேர்க்காதீர்கள், இரண்டுக்கும் எழுதும் முறை வேறு. கோப்பில் எழுத்தை மாற்றும் செட் (sed) கட்டளையின் ‘ஐ’ ஆப்ஷன்கூட மேக்கில் ஒரு மாதிரி, லினக்ஸில் ஒரு மாதிரி. அப்படி ஊருக்கு ஊர் மாறுவதை எல்லாம் ‘லோக்கல்’ என்ற இன்னொரு கோப்பில் போட்டு, அது இருந்தால் மட்டும் படி என்று பொதுக் கோப்பின் கடைசியில் எழுதிவிடுங்கள்.

இந்தக் கோப்புகளை எப்படி ஒரே இடத்தில் வைப்பது? ஸ்டோவா, சேமுவாவா, வெறும் கிட்டா? (பாலக்காடு)

கிட் என்பது கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி; அது காக்கும் இடம் ரெப்போ, ஒவ்வொரு பதிவும் கமிட். ஹோம் டைரக்டரியையே கிட் ரெப்போவாக்கும் ஆசை மட்டும் வேண்டாம். ஹோமுக்குள் தனி ரெப்போ இல்லாத எந்த ஃபோல்டரில் நின்று கிட் கட்டளை அடித்தாலும் அந்த ரெப்போ வந்து குறுக்கே நிற்கும். பேர் (bare) ரெப்போ, அதாவது கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் உள்ள ரெப்போ வைத்து, தெரியாத கோப்புகளைக் காட்டாதே என்று அமைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது நன்றாகவே ஓடும், ஆனால் ஆறு மாதம் கழித்து எப்படிச் செய்தோம் என்று நமக்கே மறந்துவிடும்.

எனக்குப் பிடித்தது குனு ஸ்டோவ் (stow) என்ற கருவி. ஹோமுக்குள் டாட்ஃபைல்ஸ் என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் விம் (எடிட்டர்), டிமக்ஸ் (ஒரே டெர்மினலைப் பலவாகப் பிரிப்பது), ஷெல் என்று தனித்தனி ஃபோல்டர். ‘ஸ்டோவ் விம்’ என்று அடித்தால் உரிய இடத்தில் சிம்லிங்க், அதாவது அசல் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி, போட்டுவிடும். அசல் கோப்பு ரெப்போவிலேயே இருப்பதால், எங்கே திருத்தினாலும் கிட்டுக்குத் தெரியும். முதல் தடவை ஒத்திகை ஆப்ஷன் போட்டு என்ன நடக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘அடாப்ட்’ ஆப்ஷனில் கவனம்: ஹோமில் ஏற்கெனவே இருக்கும் கோப்பைத் தூக்கி, ரெப்போவில் இருப்பதன் மேலேயே வைத்துவிடும். கமிட் செய்யாமல் அதைத் தொடக் கூடாது.

மெஷினுக்கு மெஷின் கோப்பின் உள்ளடக்கமே மாற வேண்டும் என்றால் சேமுவா (chezmoi) என்ற கருவி நல்லது, டெம்ப்ளேட் வசதி இருக்கிறது. இரண்டு மெஷினுக்கு அது அதிகம் என்பது என் எண்ணம்.

பள்ளி லேபில் எல்லாக் கணினியும் லினக்ஸ்தான். பிள்ளைகள் எந்த லாகினில் வந்தாலும் ஒரே ஏலியாஸ் கிடைக்குமா? (சித்தூர் தாலூகா, தமிழ் மீடியம் ஆசிரியை)

கிடைக்கும் டீச்சர். கேரளப் பள்ளிகளில் வரும் கைட் லினக்ஸ் உபுண்டுவை ஒட்டியது. அதில் கணினி முழுதுக்குமான அமைப்புகள் இருக்கும் ஈடிசி (/etc) ஃபோல்டருக்குள் ‘பாஷ்.பாஷ்ஆர்சி’ என்ற கோப்பு இருக்கும். அதில் எழுதினால் எல்லாருக்கும் சேரும். பலர் புரொஃபைல்.டி ஃபோல்டரில் போட்டுவிட்டு ஏலியாஸ் வரவில்லை என்பார்கள். உபுண்டுவில் டெர்மினல் ஜன்னல் லாகின் ஷெல் இல்லை, அதனால்தான். ஸ்கெல் ஃபோல்டரில் வைப்பது புதிதாக யூசர் உருவாக்கும்போது மட்டுமே நகலாகும். பழைய லாகின்களுக்குப் போகாது.

எஸ்எஸ்எச் வேலை செய்கிறது, ஆனால் ஆர்சிங்க் மட்டும் புரோட்டோகால் பிழை சொல்கிறது. (மீனாட்சிபுரம்)

எஸ்எஸ்எச் வேறு மெஷினுக்குள் நுழைய, ஆர்சிங்க் (rsync) அதன் வழியே கோப்புகளை நகலெடுக்க. அந்த ரிமோட் மெஷினின் பாஷ்ஆர்சியில் எக்கோ (திரையில் எழுத்தைக் காட்டும் கட்டளை) ஏதாவது இருக்கிறதா பாருங்கள். எனக்கும் இதே கதை. லாகின் செய்தால் ‘வாங்க வாங்க’ என்று வரவேற்கட்டும் என ஒரு வரி எழுதியிருந்தேன். எஸ்எஸ்எச் வழியாக ஒரு கட்டளையை மட்டும் ஓட்டினாலும் பாஷ் அந்தக் கோப்பைப் படிக்கும். என் ‘வாங்க வாங்க’ ஆர்சிங்கின் தரவோடு கலந்துவிட்டது. கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் முழுதும் போனது, கடைசி பஸ்ஸும் போனது. கோப்பின் தலையிலேயே, இன்டராக்டிவ் ஷெல் (ஆள் உட்கார்ந்து கட்டளை அடிப்பது) இல்லை என்றால் திரும்பிப் போ என்று எழுதிவிடுங்கள்.

ஏபிஐ டோக்கனோடு (ஒரு சேவைக்குள் நுழையும் ரகசியச் சாவி) ஷெல் கோப்பைப் பப்ளிக் ரெப்போவில் புஷ் செய்துவிட்டேன். உடனே அழித்தும் விட்டேன். போதுமா?

போதாது. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதலில் டோக்கனை ரத்து செய்து புதிது வாங்குங்கள், ஹிஸ்டரி சுத்தம் அப்புறம். இனி ரகசியமெல்லாம் லோக்கல் கோப்பில். அதன் பெயர், கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில்.

சர்வரில் தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகள் கேள்விக்குறியாகத் தெரிகின்றன. என் சக ஊழியரின் மலையாளமும் அப்படித்தான். (வாளையார்)

உங்கள் லேப்டாப் தன் லொக்கேல் (மொழி, எழுத்து முறை அமைப்பு) பெயரை எஸ்எஸ்எச்சில் அனுப்புகிறது. சர்வரில் அந்த லொக்கேல் உருவாக்கப்படாமல் இருக்கும். உருவாக்க அனுமதி இருந்தால் உருவாக்குங்கள். இல்லையென்றால் சர்வரின் லோக்கல் கோப்பில் லொக்கேலை ‘சி.யூடிஎஃப்-8’ (C.UTF-8) என்று வைத்தால் போதும், டெபியனிலும் உபுண்டுவிலும் அது எப்போதும் இருக்கும். அதற்குப் பிறகும் ‘கொ’வின் கொம்பும் காலும் பிரிந்து நின்றால் அது எழுத்தைக் கட்டம் கட்டமாக அடைக்கும் டெர்மினலின் புத்தி, கான்ஃபிக் கோப்பைத் திட்டிப் பயனில்லை.

டீமில் ஒருவர் டேப், ஒருவர் ஸ்பேஸ். தினமும் சண்டை. (கோபாலபுரம்)

அவரவர் விம்ஆர்சியை (விம்மின் அமைப்புக் கோப்பு) தொடாதீர்கள். புராஜெக்டின் மேல் ஃபோல்டரில் எடிட்டர்கான்ஃபிக் கோப்பு (டேப்பா ஸ்பேஸா என்று எல்லா எடிட்டருக்கும் பொதுவாகச் சொல்வது) ஒன்று வையுங்கள். நியோவிம் 0.9 முதல் அதைத் தானே படிக்கும்; விஎஸ் கோடுக்கு எக்ஸ்டென்ஷன் வேண்டும். மேக்ஃபைலுக்கு மட்டும் டேப் என்று தனியாக எழுதிவிடுங்கள். கட்டளை வரியின் முன்னால் ஸ்பேஸ் இருந்தால் மேக் நகராது (ஆப்பிள் மேக்கைச் சொல்லவில்லை, இது மேக்ஃபைலைப் படித்துப் புரோகிராமைக் கட்டும் make என்ற கருவி).