செங்கிஸ்கானும் தாத்தார்களும்

ஐயா,

மங்கோலியப் படையெடுப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் ஓரிடத்தில் மங்கோலியர் என்றும் இன்னோரிடத்தில் தாத்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பழைய நூல்களில் 'தார்த்தாரியர்' என்றும் வாசித்திருக்கிறேன். எல்லோரும் ஒன்றா? இன்று ருஷ்யாவில் வாழும் தாத்தார்கள் செங்கிஸ்கானின் வாரிசுகளா?

முருகேசன், விருதுநகர்

அன்புள்ள முருகேசன்,

ஒன்றல்ல. செங்கிஸ்கானுக்குத் தாத்தார் என்றாலே ஆகாது. அவருடைய தந்தைக்கு விஷம் வைத்தவர்கள் தாத்தார் குலத்தார் என்கிறது 'மங்கோலியர்களின் ரகசிய வரலாறு'. 1202இல் அவர்களை முறியடித்தபின், வண்டியின் கடையாணியைவிட உயர்ந்த ஆண்கள் அத்தனை பேரையும் வெட்டச் சொன்னாராம். கடைசியில் அவருடைய படைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்டெப்பிப் புல்வெளி நாடோடிகளைப் பொதுவாகத் தாத்தார் என்பது சீனர்களுக்கும் மற்றவர்களுக்கும் பழக்கமாகியிருந்ததே காரணம். ஐரோப்பியர் நடுவில் ஒரு 'ர்' சேர்த்தார்கள். தார்த்தாரஸ் என்றால் கிரேக்கப் புராணத்தின் பாதாளம். நரகத்திலிருந்து ஏறிவந்த கூட்டம் என்று நம்ப அது வசதியாக இருந்தது. பிறகு காஸ்பியன் கடல் தொடங்கி பசிபிக் வரை தெரியாத நிலமெல்லாம் அவர்கள் வரைபடத்தில் 'தார்த்தாரி'.

இன்று ருஷ்யாவின் வோல்கா நதிக்கரையில், கசான் நகரைச் சுற்றி வாழும் தாத்தார்கள் பேசுவது ஒரு துருக்கிய மொழி. 922இல் பாக்தாத் கலீபாவின் தூதுக்குழுவை வரவேற்ற வோல்கா பல்கார்களும் கிப்சாக் துருக்கியரும் அவர்களுடைய முன்னோர்களில் முக்கியமானவர்கள். கசானை ஆண்ட கான்கள் செங்கிஸ் வம்சம்தான். ஆனால் அரச வம்சத்தை வைத்துக் குடிமக்களின் பூர்வீகத்தைச் சொல்லிவிட முடியாது. 1552இல் ருஷ்ய மன்னர் இவான் கசானைப் பிடித்ததோடு அந்த ஆட்சியும் போயிற்று. கிரிமியத் தாத்தார்கள் தனி இனம், தனி மொழி. 1944 மே மாதம் ஸ்டாலின் அவர்களைக் கூண்டோடு மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்திய கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில்கூட கசான்காரர்கள் பலர் தங்களை முஸ்லிம் என்றோ பல்கார் என்றோதான் சொல்லிக்கொண்டார்கள். தாத்தார் என்பது ருஷ்யர் வாயில் வசை. இமாமும் வரலாற்றாசிரியருமான ஷிஹாபுத்தீன் மர்ஜானி இவர்களைப் பிடித்து உலுக்கினார்: நீ அரபியன் இல்லை, ருஷ்யன் இல்லை, சீனன் இல்லை, தாத்தாரும் இல்லையென்றால் நீ யார்? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அடுத்த தலைமுறை எழுத்தாளர்கள் அந்தப் பெயரைத் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கசான் தாத்தார்களின் மொழி நம்முடையதைப் போல ஒட்டுகளை அடுக்குவது. 'கிதாப்' என்பதோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து 'கிதாப்லாரிபிஸ்தா' என்றால் 'எங்கள் புத்தகங்களில்'. அதை எழுதிவந்த அரபு எழுத்து 1920களின் இறுதியில் லத்தீனாகி, 1939இல் ருஷ்ய மொழிக்குரிய சிரிலிக்காயிற்று. மீண்டும் லத்தீனுக்குப் போக, கசானைத் தலைநகராகக் கொண்ட தாத்தார்ஸ்தான் குடியரசு 1999இல் சட்டம் போட்டது. 2002இல் மாஸ்கோ அதற்கு முட்டுக்கட்டை போட்டுவிட்டது. 2017 வரை அங்கே பள்ளிகளில் தாத்தார் கட்டாயப் பாடம். அதன்பின் பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான், அதுவும் வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம் என்று ஆயிற்று.